டேங்க் எவ்வளவு தூரம் வரும்? பர்மாவில் புதிதாக பைக் எடுத்தவர்களுக்கு

ரங்கூனில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் இருபத்தைந்து வயது வரை மோட்டார் சைக்கிளில் கை வைத்திருக்க மாட்டார்கள். நகரத்தின் பெரும்பகுதியில் இருபது வருடத்துக்கும் மேலாக பைக்குக்குத் தடை. வேலை கிடைத்தோ கல்யாணம் கட்டியோ பெகு, தட்டோன், மோல்மேன், மாண்டலே பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் வண்டி கைக்கு வருகிறது. அங்கே வண்டி இல்லாமல் ஒரு காரியமும் ஆகாது. கியர், பிரேக், மழையில் வளைப்பது எல்லாம் சீக்கிரம் பழகிவிடும். பெட்ரோல் கணக்கு மட்டும் லேசில் பிடிபடாது. "முள் பாதியில்தானே இருந்தது, எப்படி நின்றது?" என்று ஒரு தடவையாவது கேட்காத புது ஆள் குறைவு.

மீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்ரோல் முள் "யோசிக்க ஆரம்பி" என்று மட்டும்தான் சொல்லும். இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அதனிடம் கேட்கக் கூடாது. அதற்கு நீங்கள் குறித்து வைத்த கிலோமீட்டர் வேண்டும். அதை எப்படிக் குறிப்பது, எந்த எண்ணை நம்புவது, எங்கே ஏமாறுவோம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முள் எதை அளக்கிறது

டேங்குக்குள் ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையை உரசியபடி நகரும். தடை மாறும்போது மீட்டருக்குப் போகும் மின்சாரம் மாறுகிறது, முள் நகர்கிறது. அவ்வளவுதான் சங்கதி. ஆக அது அளப்பது பெட்ரோல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை. எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

டேங்க் சதுரப் பெட்டியாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் நம் ஊர்களில் ஓடும் ஹோண்டா வேவ், ஹோண்டா கிளிக், சீனத்து வண்டிகள் எதிலும் டேங்க் அப்படி இருக்காது. சீட்டுக்கு அடியில், சட்டத்துக்கும் மற்ற சாமான்களுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் நுழைத்திருப்பார்கள். பெரும்பாலும் மேலே அகலம், கீழே குறுகல். அகலமான இடத்தில் ஒரு லிட்டர் செலவானாலும் மட்டம் கொஞ்சம்தான் இறங்கும். குறுகலான இடத்தில் அதே ஒரு லிட்டர் மட்டத்தைச் சரசரவென்று இறக்கிவிடும். முதல் பாதி நீண்டு வருவதும் இரண்டாம் பாதி கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோவதும் இதனால்தான். முள் பாதியில் நின்றால் பெட்ரோலும் பாதி இருக்கிறது என்று நினைப்பதுதான் புது ஆட்கள் மாட்டிக்கொள்ளும் முதல் இடம்.

உச்சியிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. மிதவை தன் உயரத்துக்கு ஏறி நின்றுவிட்ட பிறகும் அதற்கு மேல் பெட்ரோல் ஊற்ற இடம் இருக்கும். அந்த மேல் பகுதி காலியாகும் வரை முள் அசையாமல் எஃப்-இலேயே நிற்கும். "நிரப்பி இவ்வளவு தூரம் ஓட்டினேன், முள் அசையவே இல்லை, என்ன மைலேஜ்!" என்று சந்தோஷப்படுபவர்கள் இந்தப் பகுதியைத்தான் பார்க்கிறார்கள். அடியில் கதை நேர்மாறு. முள் இ-யைத் தொட்ட பிறகும் டேங்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மிச்சம் என்பது மாடலுக்கு மாடல் வேறு. ஒரே மாடலில்கூட மிதவைக் கம்பி கொஞ்சம் வளைந்திருந்தால் வேறு.

அப்புறம் சாய்வு. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் இடப்பக்கம் ஒதுங்கும். மிதவை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப முள் கூடவோ குறையவோ காட்டும். ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் ஓடும், இறக்கத்தில் முன்னால். கட்டம் கட்டமாகக் காட்டும் டிஜிட்டல் மீட்டர்கள், குலுக்கலுக்கெல்லாம் துள்ளாமல் இருக்க, வேண்டுமென்றே தாமதமாக மாறும். அதனால் அவை நிதானமாகத் தெரியும், அவ்வளவுதான். அளக்கும் மிதவை அதே மிதவை. ஒவ்வொரு கட்டமும் ஒரே அளவு லிட்டர் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முள்ளைப் பார்க்க வேண்டுமானால் சமதரையில், வண்டியை நேராக நிமிர்த்தி, சாவியைப் போட்டு, முள் அடங்கும் வரை பொறுத்துப் பாருங்கள். ஓடும்போது பார்த்தது கணக்கில் சேராது.

முதல் படி: டேங்கின் கொள்ளளவு

வண்டிக்குக் கையேடு இருந்தால் அதில் இருக்கும். தாய்லாந்திலிருந்து வந்த வண்டிக்கு கையேடு தாய் மொழியில்தான் இருக்கும், எண் மட்டும் புரிந்தால் போதும். பெயர் ஒன்றாக இருந்தாலும் டேங்க் ஒன்றாக இருக்காது என்பதை மறக்க வேண்டாம். தாய்லாந்து வேவ் 125ஐ-க்கு 5.4 லிட்டர். வியட்நாமில் செய்த வேவ் ஆல்ஃபாவுக்கு 3.7 லிட்டர்தான். கிளிக் 125ஐ-க்கு 5.5. பக்கத்து வீட்டு அண்ணன் "என் வேவ் ஒரு டேங்குக்கு இவ்வளவு போகும்" என்று சொல்வதை உங்கள் வேவுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் ஒன்றரை லிட்டருக்கு மேல்கூட கணக்கு உதைக்கும். சீனத்து வண்டிகளில் ஒரே பெயரில் பல வருடத்து மாடல்கள் ஓடுகின்றன. அவற்றுக்கு நீங்களே அளப்பதுதான் வழி.

இரண்டாம் படி: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிரப்புங்கள்

கணக்கு முழுக்க நிற்பது இங்கேதான், ஆனால் எல்லோரும் அசட்டையாக விடுவதும் இதைத்தான்.

பங்க்குக்குப் போனதும் இறங்கி, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். எப்படியும் சீட்டைத் தூக்கினால்தான் மூடி தெரியும், அதனால் இறங்கத்தான் வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிரப்பினால் ஒரு நாள் ஒரு அளவு பிடிக்கும், இன்னொரு நாள் இன்னொரு அளவு. டேங்க் கழுத்துக்குக் கீழே ஒரு இடத்தை உங்கள் கண்ணுக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் கழுத்துக்குள் ஒரு தகடோ விளிம்போ தெரியும். பெட்ரோல் அதன் அடியைத் தொட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள். ஊற்றும் பையன் காசைச் சுற்று எண்ணாக்க "இன்னும் கொஞ்சம்" என்று தளும்பத் தளும்ப ஊற்றப் பார்ப்பான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாய் வரை ஊற்றக் கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. பெட்ரோல் சூட்டில் விரியும், பத்து டிகிரிக்குச் சுமார் நூற்றுக்கு ஒரு பங்கு. தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த பெட்ரோலை வாய் வரை அடித்து, சித்திரை வெயிலில் மாண்டலேயில் வண்டியை நிறுத்தினால், 5 லிட்டருக்கு 50 மில்லி போல ஏறும். மூடி ஓரம் கசிந்து சீட்டுக்கு அடியில் இறங்கும். வாசனை வந்தால் டேங்க் ஓட்டை என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓடுவதற்கு முன்னால் இதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: மீட்டர் எண்ணை எழுதுங்கள்

சில வண்டிகளில் பூஜ்யத்துக்குத் திருப்பக்கூடிய டிரிப் மீட்டர் இருக்கிறது. நம் பக்கம் ஓடும் பழைய வேவ்களில் மொத்தக் கிலோமீட்டர் மட்டும்தான். அதனால் என்ன, நிரப்பியதும் அந்த எண்ணையும் எத்தனை லிட்டர் பிடித்தது என்பதையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பங்க் மெஷினையும் வண்டி மீட்டரையும் இரண்டு படம். எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. காசை எழுதி வைப்பதில் பயனில்லை. விலை வாரத்துக்கு வாரம் மாறும், லிட்டர் மாறாது.

அடுத்த தடவை நிரப்பும்போது பிடித்த லிட்டர்தான் நடுவில் செலவானது. ஓடிய கிலோமீட்டரை அதால் வகுங்கள். உதாரணத்துக்கு, போன தடவை மீட்டரில் 18,240. இன்று 18,395. ஓடியது 155 கிலோமீட்டர். இன்று பிடித்தது 3.1 லிட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர். டேங்க் காலியாகும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. முந்தின தடவை எந்த மட்டத்துக்கு நிரப்பினீர்களோ அதே மட்டத்துக்கு நிரப்பினால் போதும்.

ஒரே ஒரு நிரப்பலை நம்ப வேண்டாம். கால் லிட்டர் கூடக் குறைய ஊற்றினாலே எண் நாலு ஐந்து கிலோமீட்டர் ஆடும். ஐந்தாறு தடவை குறித்த பிறகு வரும் எண்கள்தான் பேசும்.

நான்காம் படி: மைலா, கிலோமீட்டரா, கேலனா

வெளியிலிருந்து வருகிறவர்கள் சறுக்கும் இடம் இது. சாலை ஓரக் கல் மைலில் சொல்லும். வண்டி மீட்டர் கிலோமீட்டரில் ஓடும். பங்க் லிட்டரில் விற்கும். வீட்டுப் பெரியவர்களோ இன்னும் கேலனில் பேசுவார்கள். நாலையும் ஒரே வாக்கியத்தில் கேட்டுத் தலை சுற்றும்.

மைலை எட்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் கிலோமீட்டர். 40 மைல் என்று கல் சொன்னால் 64 கிலோமீட்டர். மோல்மேனிலிருந்து தன்பியூசயாட்டுக்கு அவ்வளவு தூரம்தான். போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் மலாயாவிலிருந்து கூட்டி வந்த நம் ஆட்கள் ஆயிரமாயிரமாக மாண்ட சயாம் ரயில் பாதையின் இந்தப் பக்கத்து முனை அது; புதிதாக வருகிற சொந்தக்காரர்கள் பார்க்க ஆசைப்படுவார்கள். போய் வர 128 கிலோமீட்டர். ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன டேங்க் வண்டிக்கு அது ஏறக்குறைய முழு டேங்க் வேலை.

கேலன் என்று பெரியவர்கள் சொல்வது பிரிட்டிஷ் கேலன், 4.55 லிட்டர். போனில் தேடினால் பெரும்பாலும் அமெரிக்க கேலனைத்தான் முதலில் காட்டும், அது 3.79 லிட்டர். தாத்தா "கேலனுக்கு 140 மைல் ஓட்டினேன்" என்றால் அது லிட்டருக்குச் சுமார் 50 கிலோமீட்டர். அமெரிக்க கேலனில் போட்டால் 59 என்று வரும், வண்டி தாத்தாவைப் போல ஓடவில்லை என்று வீணாக வருத்தப்படுவீர்கள்.

மைல் கல்லால் ஒரு நல்ல உபயோகமும் உண்டு. நேரான சாலையில் ஒரு கல்லின் பக்கத்தில் மீட்டரைப் பாருங்கள், பத்து மைல் தள்ளி இன்னொரு கல்லில் மறுபடி பாருங்கள். 16.1 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும். 17 என்று காட்டினால் உங்கள் மீட்டர் கூடக் காட்டுகிறது. அப்போது மைலேஜ் கணக்கையும் 0.95-ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ளுங்கள். டயரை வேறு அளவுக்கு மாற்றிய செகண்ட் ஹாண்ட் வண்டிகளில் இது அவசியம். மீட்டரில் கடைசி எண் பத்தில் ஒரு பங்கா முழுக் கிலோமீட்டரா என்பதையும் இதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஐந்தாம் படி: எந்த எண்ணை வைத்துப் புறப்படுவது

கம்பெனிப் பிரசுரத்தில் போட்ட மைலேஜை மறந்துவிடுங்கள். அது சோதனைச் சாலையில், ஒரு ஆளை ஏற்றி, அளந்து ஓட்டி எடுத்தது. பொய் இல்லை, ஆனால் மனைவியையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு குழி ரோட்டில் போகிற உங்களுக்கு உதவாது.

சராசரியையும் நம்ப வேண்டாம் என்பேன். இதில் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சராசரி செலவைக் கணக்குப் பார்க்க நல்லது. மாதத்துக்கு எவ்வளவு பெட்ரோல் காசு என்று தெரியும். வழியில் நிற்காமல் இருக்க வேண்டுமானால் இதுவரை வந்ததிலேயே குறைந்த எண்ணை எடுங்கள். மூன்று தடவை குறித்ததில் 50, 44, 53 என்று வந்திருந்தால் உங்கள் எண் 44.

இப்போது 5.4 லிட்டர் டேங்கில் அடி அரை லிட்டரை இல்லை என்றே வையுங்கள். மிச்சம் 4.9. அதை 44-ஆல் பெருக்கினால் 215 கிலோமீட்டர். அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான எல்லை. 160 கிலோமீட்டர், அதாவது 100 மைல் ஆனதும் அடுத்து வரும் பங்க்கில் நிறுத்திவிடுங்கள், முள் எங்கே நின்றாலும் சரி. பிரசுரத்தில் லிட்டருக்கு 65 என்று பார்த்து முழு டேங்கையும் பெருக்கியவர் 350 கிலோமீட்டர் போகலாம் என்று நம்பிக் கிளம்பியிருப்பார். 215-க்கும் 350-க்கும் நடுவில்தான் வண்டி தள்ளுகிறவர்கள் எல்லாம் இருக்கிறார்கள்.

அடி அரை லிட்டரை ஏன் விட வேண்டும்? பெட்ரோலை பம்ப் வைத்துப் பீச்சும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் அந்தப் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது, வழவழப்பும் கொடுக்கிறது. அடிமட்டத்திலேயே வழக்கமாக ஓட்டினால் பம்ப் காற்றை இழுக்கும், சூடாகும், ஆயுள் குறையும். பம்ப் மாற்றுகிற செலவில் எத்தனையோ டேங்க் நிரப்பலாம். அப்படிப் பம்ப் இல்லாத பழைய மாதிரி கார்பரேட்டர் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அடியில் படிந்த துருவும் தண்ணீரும் முதலில் வரும்.

ஆறாம் படி: முள்ளுக்கு அர்த்தம் கண்டுபிடியுங்கள்

முள் சிவப்பைத் தொட்டால் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டேங்கை வறட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. முள் சரியாகச் சிவப்பைத் தொட்ட நேரம் பக்கத்தில் பங்க் இருந்தால் நேராகப் போய் உங்கள் அடையாளம் வரை நிரப்புங்கள். 5.4 லிட்டர் டேங்கில் 4.1 பிடித்தால், சிவப்பைத் தொடும்போது 1.3 லிட்டர் மிச்சம் என்று அர்த்தம். அரை லிட்டரை விட்டால் 0.8. அதை 44-ஆல் பெருக்கினால் 35 கிலோமீட்டர். இதே மாதிரி முள் பாதியில் நிற்கும்போது ஒரு தடவை நிரப்பிப் பாருங்கள். பாதி என்று அது காட்டும் இடத்தில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்ததும் அந்த முள்ளை நீங்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடும். இந்த இரண்டு எண்ணையும் சின்னத் தாளில் எழுதி சீட்டின் அடிப்பக்கம் ஒட்டிவிடுங்கள். வண்டியை மச்சானிடம் கொடுத்தாலும் உதவும்.

பழைய கார்பரேட்டர் பைக்குகளில் டேங்குக்கு அடியில் ஒரு குழாய்த் திருகு இருக்கும்: ஆன், ஆஃப், ரிசர்வ். ரிசர்வுக்குத் தனி டேங்க் கிடையாது. உள்ளே இரண்டு வாய். ஒன்று கொஞ்சம் உயரத்தில், இன்னொன்று அடியில். உயர வாய்க்குக் கீழே பெட்ரோல் இறங்கினால் வண்டி திணறும், திருகினால் அடி வாய் திறக்கும். முள்ளைவிட இதை நான் மதிப்பேன். ஆனால் நிரப்பியதும் மறுபடி ஆனுக்குத் திருப்ப வேண்டும். செகண்ட் ஹாண்டில் வாங்கினால் முதல் வேலையாக அந்தத் திருகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

மலை, மழை, கூட்டம்

மாண்டலேயிலிருந்து மேமியோவுக்கு 42 மைல், 67 கிலோமீட்டர். ஆனால் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஏறுகிறோம். வண்டியும் இரண்டு ஆளும் சேர்த்து 230 கிலோ என்று வைத்தால், அவ்வளவு எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் கூடுதலாக எரியும். சமதரையில் 50 கொடுக்கும் வண்டி அன்றைக்கு 40-ஐத் தொட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். போதாக்குறைக்கு ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் ஒதுங்குவதால் முள்ளும் நடிக்கும், குறைந்த மட்டத்தில் பம்ப் காற்றை இழுக்கவும் கூடும். மலைக்கு நிரப்பிக்கொண்டுதான் ஏற வேண்டும். இறங்கும்போது செலவு குறைவுதான், அதற்காக நியூட்ரலில் விடாதீர்கள். கியரில் இருந்து ஆக்சிலேட்டரை முழுசாக விட்டால் இன்ஜெக்ஷன் வண்டி பெட்ரோலைத் தானே நிறுத்திவிடுகிறது, இன்ஜினும் பிரேக் பிடிக்கும். நியூட்ரலில் இரண்டும் போய்விடும்.

மோல்மேன் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர். மெதுவாக, குறைந்த கியரில், தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓட்டினால் மைலேஜ் குறையும். மழையில் மூடியைத் திறந்து நிரப்பினால் குடையைப் பிடியுங்கள். கோயில் திருவிழா நாளில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஊர்வலத்துக்குப் பின்னால் ஊர்ந்ததையும் மைலேஜ் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். சேருங்கள். நமக்கு வேண்டியது குறைந்த எண்தானே. டயரில் காற்றுக் குறைவும், செயின் காய்ந்துபோனதும் இதே மாதிரி எண்ணைக் குறைக்கும், அவை சரிசெய்யக்கூடியவை.

ரங்கூன்–மாண்டலே விரைவுச் சாலையில் பைக்குக்கு அனுமதி இல்லை. பெகு, டௌங்கூ வழியாகப் போகும் பழைய சாலைதான். அதில் ஊர்கள் அடுத்தடுத்து வருவதால் பெட்ரோல் கிடைப்பது சுலபம். ஆனாலும் பங்க் இருப்பதும் பங்க் திறந்திருப்பதும் வேறு வேறு. கரண்ட் போய் ஜெனரேட்டரும் இல்லாவிட்டால் பம்ப் ஓடாது. சில நாள் வரிசை நீளும், ஒரு வண்டிக்கு இவ்வளவுதான் என்பார்கள். அதனால்தான் 160-இலேயே நிறுத்தச் சொன்னேன்.

பாட்டில் பெட்ரோல்

சாலை ஓரத்தில் மேசை மேல் தண்ணீர் பாட்டிலில் விற்பதை எல்லோரும் வாங்கியிருப்போம். கிராமத்துப் பக்கம் அது இல்லாமல் முடியாது. "அமா, டாட்ஸீ தலீட்டா" என்றால் ஒரு லிட்டர் எடுத்துத் தருவார்கள். விலை பங்க்கைவிடக் கூடத்தான் இருக்கும், அது நியாயம், அவர்களும் சுமந்து வர வேண்டுமே. பார்க்க வேண்டியது இரண்டு. பாட்டில் கழுத்து வரை இருக்கிறதா, தோளோடு நிற்கிறதா என்று பாருங்கள். தோளோடு நின்றால் அது ஒரு லிட்டர் இல்லை. அடுத்து பாட்டிலை வெளிச்சத்துக்குப் பிடித்து அடியைப் பாருங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தனியாகக் குமிழாகவோ கோடாகவோ தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தப் பாட்டிலை வைத்துவிட்டு வேறு கேளுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். ஊற்றும்போது மெல்லிய துணி வைத்த புனல் இருந்தால் நல்லது. பக்கத்தில் யாராவது சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றால் அவர் நகரும் வரை மூடியைத் திறக்காதீர்கள், பெரியவராக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

பெட்ரோலில் ஆக்டேன் எண் 92-ஆ 95-ஆ என்று புது ஆட்கள் கவலைப்படுகிறார்கள். கையேடு கேட்பதை ஊற்றுங்கள். சாதாரண 110, 125 வண்டிக்கு 95 ஊற்றுவதால் டேங்க் நீண்டு வராது.

முள்ளே கெட்டுப்போனால்

நிரப்பிய பிறகும் முள் கீழேயே கிடந்தால், அல்லது காலியானாலும் மேலேயே நின்றால், முதலில் சீட்டுக்கு அடியில் டேங்க் மேலே போகும் ஒயர் பிளக்கைப் பாருங்கள். நம் ஈரத்துக்கு அதில் பச்சை பூத்திருக்கும், துடைத்துக் குத்தினாலே பல தடவை சரியாகும். இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் முள்ளும் சேர்ந்து துடித்தால் பேட்டரி சோர்ந்திருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் முள் விழுந்து எழுந்தால் உள்ளே அந்தத் தடைப் பட்டை அந்த இடத்தில் தேய்ந்திருக்கும். மிதவை ஓட்டையாகி பெட்ரோல் குடித்துவிட்டால் முள் எழவே எழாது. இந்த இரண்டும் டேங்கைத் திறக்கிற வேலை. வீட்டில் செய்ய வேண்டாம், மெக்கானிக்கிடம் விடுங்கள், அதுவும் டேங்க் குறைவாக இருக்கும்போது. வண்டி அதுவரை நிற்க வேண்டியதில்லை. கிலோமீட்டர் குறிப்பவருக்கு முள் இல்லாமலும் ஓட்டத் தெரியும்.

நின்றுவிட்டால்

திணறல் ஆரம்பித்ததுமே ஓரம் கட்டுங்கள், லாரி வருகிற சாலையில் நடுவில் நிற்க வேண்டாம். கார்பரேட்டர் பைக் என்றால் ரிசர்வுக்குத் திருப்புங்கள். அதுவும் இல்லையென்றால், வண்டியை இருபக்கமும் நன்றாகச் சாய்த்து ஆட்டினால் டேங்கின் மூலையில் தேங்கியது வழிந்து வந்து கொஞ்ச தூரம் ஓடும். அது பாட்டில் கடை வரை போகத்தான், ஊர் வரை இல்லை. இன்னொரு வண்டியிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே ஆஸ்பத்திரிதான்.

ஊற்றிய பிறகு கார்பரேட்டர் வண்டிக்கு அதன் கிண்ணம் நிறைய அரை நிமிடம் கொடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியைப் போட்டால் பம்ப் இரண்டு மூன்று நொடி ரீங்காரம் இடும். அது நின்றதும் சாவியை அணைத்து, மறுபடி போடுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை செய்த பிறகு செல்ஃப் அடியுங்கள். ஊற்றியதுமே விடாமல் செல்ஃப் அடித்தால் பெட்ரோலோடு பேட்டரியும் தீரும். அடுத்த பங்க்கில் உங்கள் அடையாளம் வரை நிரப்பி மீட்டரைப் படம் எடுங்கள். பாட்டிலில் எவ்வளவு ஊற்றினோம் என்று நிச்சயமில்லாததால் இந்த ஒரு தடவை மைலேஜ் கணக்கை விட்டுவிட்டு, அங்கிருந்து புதிதாக ஆரம்பியுங்கள்.